அப்பா போட்ட முடிச்சு

போன ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. தமிழ் வகுப்பு முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு மார்க்கத்தில் கென்னடி ரோட்டால் வந்துகொண்டிருந்தேன். மழை. வெளியே 4 பாகை. நாங்கள் வந்தது வழமையான வானில் இல்லை, அப்பாவின் 1972 செவ்ரோலே சி-10 பிக்கப்பில். அன்றைக்கு அதில்தான் வரவேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். சிநேகிதிகளுக்குக் காட்ட வேண்டுமாம். காட்டியும் விட்டாள்.

இரண்டு பேர், இரண்டு ஈர ஜாக்கெட், ஒற்றை பெஞ்ச் சீற் உள்ள சின்னக் கபின். இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளையாகிவிட்டது. ஹீற்றர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஃபானை முழு வேகத்தில் போட்டேன். வந்தது காற்று என்று சொல்ல முடியாது. களைத்துப்போன ஒருவர் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மகள் தன் ஸ்காஃபால் துடைத்தாள்; துடைத்த இடம் உடனே திரும்ப மங்கியது. முன்னால் பஸ் ஒன்று நின்றதை அதன் சிவப்பு லைற் கண்ணாடி நிறையத் தெரிந்த பிறகுதான் கண்டேன். நல்ல காலம், பிரேக் பிடித்தது. நடுவில் ஒரு கார் நீளம்கூட மிச்சமில்லை.

பக்கத்து பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தினேன். கை நடுங்கியது.

"அம்மாட்டச் சொல்ல மாட்டன்," என்றாள் மகள், நான் கேட்காமலே. பிறகு, "அப்பா, நெயில் பொலிஷ் மாதிரி ஒரு மணம் வருது," என்றாள்.

"பழைய ட்ரக் எண்டா அப்பிடித்தான்," என்றேன்.

அந்த மணத்தை அப்போதே கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

இந்த ட்ரக் எங்கள் வீட்டுக்கு வந்த கதை சின்னது. அப்பா 1986இல் ரொறன்ரோ வந்தார். நான் அடுத்த வருஷம் இங்கே பிறந்தேன். 1992இல், அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர் ஒருவர், அல்பேட்டாவில் இருந்து கொண்டுவந்த இந்தப் பச்சை பிக்கப்பைக் காசு அவசரத்துக்கு விற்றார். பின்பெட்டி பெரிதென்பதால் அப்பா வாங்கினார். விடியப்புறம் 3 மணிக்குப் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாகப் போடுவது அவருடைய இரண்டாவது வேலை. உங்களில் பலருடைய அப்பாக்களும் அந்த வேலை செய்திருப்பார்கள். கட்டுகளுக்கு நடுவே இருந்து பேப்பர் மடித்த நினைவும் சிலருக்கு இருக்கும். பிறகு வான் வாங்கினோம். ட்ரக் கராஜுக்குள் போனது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னர் நான் அதை எடுத்து, யூரியூப் பார்த்தும் புத்தகம் வாங்கியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தத் தொடங்கினேன். இரண்டு கோடைக்கு முன்னர் எஞ்சின் பகுதி முழுவதையும் சுரண்டிப் பெயின்ற் அடித்தேன். பளபளவென்று இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் பொனற்றைத் திறந்து காட்டினேன். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஞாயிறு காலை கராஜில் வேலை தொடங்கியது. அப்பாவுக்கு இப்போது 76. குரங்குத் தொப்பி, இரண்டு சுவெற்றர், மடக்குக் கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி. அவர் வேலை செய்ய வரவில்லை, பார்க்க வந்தார். மகள் ரோர்ச் பிடிக்க வந்தாள்.

"முதல்ல ஏர்த்தைப் பாத்தியோ?" அப்பா கேட்டார்.

"பாத்திட்டன் அப்பா."

பார்த்திருந்தேன்தான். ஸ்குரூ இறுக்கமாக இருந்தது, வயர் சுத்தமாக இருந்தது. கண்ணால் பார்த்ததோடு சரி.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். இந்த ஹீற்றரில் சூடு கரண்டில் இருந்து வருவதில்லை. எஞ்சினைக் குளிராக்கிய சுடுதண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போட்டுக்கு அடியில் இருக்கிற சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள் போய்த் திரும்புகிறது. கரண்டின் வேலை ஒன்றே ஒன்று: அதன் மேலால் காற்றைத் தள்ளுகிற ஃபானைச் சுற்றுவது. ஆகவே எஞ்சின் சூடேறியதும் முதலில் அந்த இரண்டு குழாயையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சுட்டன. தண்ணீரில் பிழையில்லை. எஞ்சினை நிறுத்தினேன்.

அடுத்தது ஃபான். இதில் மூன்று வேகம். மோட்டருக்குப் போகிற கரண்டைக் கம்பிச் சுருள்கள் வழியாக விட்டு மந்தமாக்கித்தான் மெல்லிய வேகமும் நடு வேகமும் வருகின்றன. ரெசிஸ்ரர் என்கிற அந்தச் சுருள்கள் சூடேறும். அதனால் காற்று அடிக்கிற பாதைக்குள்ளேயே அவற்றைப் பொருத்தியிருப்பார்கள். முழு வேகத்தில் கரண்ட் சுருளுக்குள் போகாமல் நேராக மோட்டருக்குப் போகும். ஆகவே முழு வேகம் மட்டும் ஓடி மற்ற இரண்டும் ஓடாவிட்டால் ரெசிஸ்ரரைச் சந்தேகிக்கலாம். எங்களுடையதில் மெல்லிய வேகம் அசையவே இல்லை, நடு வேகம் தவழ்ந்தது, முழு வேகமும் நோஞ்சானாக இருந்தது. முழு வேகமே சரியில்லை என்றால் சுருளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சாவியைப் போட்டுவிட்டு மீற்றரைத் தேடப் போனேன்.

"தம்பி, சாவியைப் போட்டபடி விடாதை. எஞ்சின் ஓடாமல் கன நேரம் கிடந்தா கொயில் சூடேறும்."

சரியான பேச்சு. பொயின்ற் வைத்த பழைய எஞ்சின்களில் அப்படித்தான், கொயில் எரிந்துகூடப் போகலாம். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்றை, வாலிபத்தில், மாமா ஒருவரோடு சேர்ந்து பார்த்தவராம். 1950களில் வந்த கார்கள் அவை. எங்கள் ஊரில் அதற்குப் பிறகும் பல பத்து வருஷம் ஓடின. அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது என்றார். இந்த செவியில் பற்றரியின் மைனஸ்தான் பொடியில் இணைத்திருக்கும். ஒஸ்ரினில் பிளஸ். எல்லாம் மறுவளம்.

"அதுக்கு ஹீற்றர் இருந்ததோ அப்பப்பா?"

"யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஹீற்றரோ? உந்தச் சாமானை நான் இஞ்ச வந்துதான் கண்டனான்."

மீற்றர் வந்தது. பற்றரியில் 12.6 வோல்ற். மோட்டருக்குப் போகிற வயரைக் கழற்றி அதன் முனையில் பிடித்தால் 12.4. நல்ல கணக்கு. வோல்ற் வருகிறது, மோட்டர்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஃபோனில் புது மோட்டரின் விலை பார்க்கத் தொடங்கினேன். இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கழற்றின வயரில் மீற்றர் வைத்தால் அதற்குள் ஓடுகிற கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வயர் முழுக்க உக்கி ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீற்றர் 12 என்றுதான் காட்டும். பாரம் ஏற்றினால்தான் அதன் உண்மையான நிலை தெரியும்.

விலை பார்த்துக்கொண்டே டாஷ்போட்டுக்கு அடியில் தலையை விட்டு வயரைப் பின்தொடர்ந்தேன். பியூஸ் பெட்டியில் ஹீற்றருக்கு 25 என்று எழுதியிருந்த இடத்தில் 30 அம்பியர் பியூஸ் இருந்தது. அதற்கு அங்கால், கம்பனி போட்ட தடித்த வயரை யாரோ வெட்டி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஸ்பீக்கர் வயர் போல மெல்லிய ஒன்றை முறுக்கிச் சேர்த்து, கறுப்பு ரேப் சுற்றியிருந்தார்கள். ரேப்பின் பசை உருகித் தேன் மாதிரி வடிந்திருந்தது.

அந்த நேரம் எனக்குப் பெரிய சந்தோஷம். குற்றவாளி கிடைத்துவிட்டான்.

"இதைப் பார்," என்று மகளைக் கூப்பிட்டேன். "மெல்லிய வயர், பெரிய பியூஸ். வயரை எரிய விடாமல் காப்பாத்தத்தான் பியூஸ் இருக்குது. வயர் தாங்கிறதைவிட பியூஸ் பெரிசெண்டா, பியூஸ் போகமுதல் வயர் எரியும். ட்ரக்கோட சேர்த்து எரியும். எந்த மடையன்ரை வேலையோ தெரியாது."

மகள் சிரித்தாள்.

"நான்தான்," என்றார் அப்பா.

சீற்றுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்த எனக்கு அவருடைய சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை. மகளின் சிரிப்பு நின்றது.

வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பா கோபமாக இல்லை. தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரிச் சொன்னார். 1994 தை மாதம். அந்தக் குளிரை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு இரவு வேலை. என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. பத்திரிகை போடப் போகும்போது என்னையும் சிலீப்பிங் பாக்குக்குள் சுற்றி இதே பெஞ்ச் சீற்றில் படுக்க வைத்துக் கொண்டு போவாராம். ஓரிரவு நடு வழியில் ஃபான் நின்றது. மூச்சுக்காற்று உள்கண்ணாடியில் உறையத் தொடங்கியது. வயர் பியூஸ் பெட்டிப் பக்கம் கருகிக் கிடந்தது. காஸ் ஸ்ரேஷன் லைற்றுக்குக் கீழே நிறுத்தி, பின்னால் கிடந்த பழைய ஸ்பீக்கரில் வயரை வெட்டி, பல்லால் ரப்பரை உரித்து முறுக்கினார். அந்தக் கடையில் 30 பியூஸ்தான் இருந்தது.

"ஒரு கிழமைக்கெண்டு போட்டது. பிறகு மறந்து போனன்."

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை," என்றேன்.

"நீ நித்திரை."

எனக்கு அந்த நாட்களில் இருந்து மிஞ்சியிருப்பது அச்சுமை மணம் மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. கேட்கவில்லை. "சரி, இப்ப இதை மாத்துவம்," என்று வெட்டும் குறட்டைத் தேடினேன். நான் சொன்னது பிழையில்லைத்தானே என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தார். மெல்லிய வயருக்குப் பெரிய பியூஸ் ஆபத்துத்தான். 1994இல் பல்லால் உரித்தாலும் ஆபத்துத்தான்.

"வெட்டமுதல் அளந்து பார். அளக்காமல் வெட்டினா அதுதான் பிழையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் அப்பா.

வயரைத் திரும்ப மோட்டரில் மாட்டினேன். சாவி போட்டு, ஃபான் முழு வேகம். இந்த முறை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தோம். நான் கம்பியைப் பிடிக்க மகள் மீற்றரை வாசித்தாள். ஒரு முனை அப்பாவின் முடிச்சுக்கு முன்னால், மறு முனை பின்னால். பாதையில் பிழை இருந்தால் அந்த இடத்தில் வோல்ற் சிந்தும், சிந்தினது மீற்றரில் தெரியும்.

"சைபர் தசம் ஒண்டு."

"திரும்பப் பார்."

"சைபர் தசம் ஒண்டு, அப்பா."

முப்பது வருஷத்து முறுக்கு, பத்தில் ஒரு வோல்ற்தான் சிந்தியது. சுவிச், பியூஸ், மிச்ச வயர் எல்லாம் சேர்த்தும் 0.6தான். அப்படியென்றால் மோட்டருக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ற்றும் போய்ச் சேர்கிறது. ஆனால் மோட்டர் சாகக் கிடக்கிறது.

"போற பாதையைப் பாத்தாச்சு. வாற பாதையைப் பாக்கேல்லை," என்றார் அப்பா. மகளின் பக்கம் திரும்பினார். "குஞ்சு, கரண்ட் போனாத் திரும்பி வரவேணும். திரும்பி வர வழியில்லையெண்டா அது போகவும் மாட்டுது. ஒரு முனையை மோட்டர்ர உடம்பிலை வை. மற்றதைப் பற்றரி மைனசிலை வை. சைபர் காட்டவேணும்."

அவள் வைத்தாள். "நாலு தசம் ஒண்டு."

பற்றரியின் 12 சொச்சத்தில் 4.1 வோல்ற் திரும்பி வருகிற வழியில் சிந்துகிறது. மோட்டருக்கு மிஞ்சுவது ஏழரை. நோஞ்சானாகச் சுற்றாமல் வேறென்ன செய்யும்? பற்றரியின் மைனசில் இருந்து ஒரு நீள வயரை எடுத்து மோட்டரின் உடம்பில் நேரே தொட்டேன். ஃபான் உறுமிக்கொண்டு கிளம்பியது. டாஷ்போட்டு ஓட்டைகளால் காய்ந்த இலைத் தூளும் எலிக்கூட்டுப் பஞ்சும் பறந்தன. மகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பா தேத்தண்ணி மூடியைக் கையால் மூடிக்கொண்டார்.

மோட்டரின் உடம்பில் இருந்து ஒரு கறுப்பு வயர், எஞ்சினுக்கும் கபினுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் ஒரு ஸ்குரூவில் முடிகிறது. அதுதான் ஏர்த். நான் கண்ணால் பார்த்துச் சரியென்றது. பற்றரி மைனசைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஸ்குரூவைக் கழற்றினேன். அடியில் என்னுடைய பெயின்ற். இரண்டு கோடைக்கு முன்னர் மூன்று பூச்சு அடித்து, காய்ந்த பிறகு, அதன் மேலேயே வயரை வைத்து அழகாக இறுக்கியிருக்கிறேன். பெயின்ற் கரண்டைக் கடத்தாது. ஸ்குரூவின் புரி மட்டும் தகரத்தில் ஓரிடத்தில் உரசிக்கொண்டிருந்தது. அவ்வளவு காலமும் ஃபான் அந்த உரசலில்தான் ஓடியிருக்கிறது. கோடையில் யாரும் ஹீற்றர் போடுவதில்லை, ஆகவே தெரியவில்லை. ஸ்குரூவைச் சுற்றி ஒரு சதக்காசு அளவுக்குப் பெயின்ற் கொப்புளித்துப் பழுப்பாகியிருந்தது. 4 வோல்ற், ஓடுவது 5 அம்பியர் என்று வைத்தால் 20 வாட். ஈயம் ஒட்டுகிற சின்ன அயனின் சூடு அது.

மகள் குனிந்து மணந்து பார்த்தாள். "நெயில் பொலிஷ்," என்றாள். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். நாங்கள் வளர்ந்த வீடுகளில் பெரியவர்கள் சின்னவர்களிடமோ சின்னவர்கள் பெரியவர்களிடமோ மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. மாட்டேன் என்பதில்லை, வாயில் வராது. "சொறி அப்பா," என்றேன்.

"எனக்கு அப்பிடிச் சொல்ல விடமாட்டீங்கள்தானே," என்றாள் மகள். "எதுக்குச் சொறி எண்டும் சொல்லவேணும் எண்டு சொல்லுவீங்கள்."

உண்மை. நான் அவளுக்கு வைத்த சட்டம்தான் அது.

"நீங்கள் போட்ட வயர் நல்லாத்தான் ஓடினது அப்பா. பிழை நான் அடிச்ச பெயின்ற். மடையன் எண்டு சொன்னது எனக்குத்தான் பொருந்தும். பிள்ளைக்கு முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓம். பொருந்தும்தான்," என்றார். பிறகு, "ஆனா அந்த பியூஸ் பிழை. நீ சொன்னது சரி. ஏதும் நடந்திருந்தா..." என்று தொடங்கி, மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மிச்சம் அரை மணி நேர வேலை. ஸ்குரூ ஓட்டையைச் சுற்றிப் பெயின்ற்றை வெள்ளித் தகரம் தெரியும்வரை சுரண்டினோம். மகள்தான் சுரண்டினாள், நான் மூன்று பூச்சு அடித்த இடத்தைச் சுரண்டுவதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். வயர் முனைக்குப் புது வளையம், அடியில் தகரத்தைக் கடித்துப் பிடிக்கிற பல்லு வொஷர், இறுக்கிய பிறகு துருப்பிடிக்காமல் மேலே கிறீஸ். திரும்ப அளந்தபோது 4.1 இருந்த இடத்தில் 0.05. அப்பாவின் ஒரு சாண் வயரை வெட்டி, கம்பனி வயரின் அதே தடிப்பில் புதிதாகச் சேர்த்தோம். 25 பியூஸ் போட்டோம். வெட்டிய துண்டை நான் மேசையில் எடுத்து வைத்ததை அப்பா கண்டார்.

"உதை ஏன் வைச்சிருக்கிறாய்? குப்பையிலை போடு."

போடவில்லை. கராஜ் லாச்சிக்குள் கிடக்கிறது. அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் மூவரும் பெஞ்ச் சீற்றில் நெருக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தோம். மழை விட்டிருந்தது. இருந்தும் அப்பா கண்ணாடியில் வாயால் ஊதிப் புகார் பிடிக்க வைத்து, அது எத்தனை செக்கனில் கரைகிறது என்று மகளை எண்ண வைத்தார். வீட்டுக்கு வந்ததும் பஸ் கதையை மனைவியிடம் நானே சொன்னேன். அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

மெல்லிய வேகம் இன்னும் ஓடவில்லை. ரெசிஸ்ரரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. அது வேறு பிழை, இதோடு சேர்ந்து ஒளிந்திருந்தது. புதுசு ஓடர் பண்ணியாயிற்று. வந்ததும் தான்தான் பூட்டுவது என்று மகள் சொல்லிவிட்டாள், அப்பப்பா பக்கத்தில் இருக்க வேண்டுமாம். என்னை ரோர்ச் பிடிக்க வரச் சொல்லியிருக்கிறாள்.